‘கேட்டைச் சாத்தியது நான்தான்’: வாசகர் கேள்வி பதில்

(இந்த முறை மூன்று கடிதங்கள். முதல் கடிதம் நான்கு பக்கம் வந்தது. ஊரும் பள்ளியும் தெரியாதபடி சுருக்கியிருக்கிறேன்.)

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். மேலூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். போன மாதம் ஒரு சாயங்காலம் லாங் பெல் அடித்து, பிள்ளைகள் வரிசையாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு கேட் டியூட்டி எனக்கு. டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்த ஒருவரை, இரண்டு பைக்கில் வந்தவர்கள் இடித்துத் தள்ளினார்கள். அவர் எழுந்து எங்கள் கேட்டை நோக்கி ஓடிவந்தார். பின்னாலேயே அரிவாளோடு நாலு பேர். வெளியே நின்ற பிள்ளைகளை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அவர் கேட்டைத் தட்டி, "டீச்சர், தொறங்க டீச்சர்" என்றார். நான் திறக்கவில்லை. பிள்ளைகளை வகுப்பறைக்குள் தள்ளிக்கொண்டு ஓடினேன். அவர் கேட்டுக்கு வெளியிலேயே இறந்துபோனார்.

அவருடைய அக்கா மகன் என் ஆறாம் வகுப்பில் படிக்கிறான். கருமாதி முடிந்து வந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ராத்திரி தூக்கமில்லை. சத்துணவுத் தட்டு கீழே விழுந்தால்கூட நெஞ்சு கெதக்கென்கிறது. பையன்கள் இடைவேளையில் அடிஸ்கேலை வைத்துக்கொண்டு வெட்டு விளையாட்டு விளையாடுகிறார்கள். எச்.எம்., "இதைப் பற்றி யாரும் பேசாதீங்க, பிள்ளைங்க மறந்துரும்" என்கிறார். ஸ்டேஷனிலிருந்து வாக்குமூலம் கேட்கிறார்கள். என் வீட்டுக்காரர், "எதையும் பாக்கலன்னு சொல்லிரு" என்கிறார். மெடிக்கலில் தெரிந்த பையனிடம் சொல்லித் தூக்க மாத்திரையும் வாங்கி வந்திருக்கிறார். எல்லோரும் "நீங்க செஞ்சது சரிதான் டீச்சர்" என்கிறார்கள். அப்புறம் ஏன் எனக்கு இப்படி இருக்கிறது? நான் திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா?

பெயர் வேண்டாம், மேலூர் வட்டம்

பதில்: டீச்சர், கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் இருக்கிறது.

கேட்டைத் திறந்திருந்தால் அவர் மட்டும் உள்ளே வந்திருக்க மாட்டார். அவரை விரட்டி வந்தவர்களும் வந்திருப்பார்கள், வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு நடுவே. வெளியே நின்றவர்களை இழுத்துப் போட்ட பிறகுதான் சாத்தியிருக்கிறீர்கள், உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதையெல்லாம் யோசித்துச் செய்ய அப்போது நேரமில்லை. பிள்ளைகளைக் கட்டி மேய்த்துப் பழகிய கை, தானாகச் செய்தது. அவரைக் கொன்றது அந்த நாலு பேர். அதில் உங்களுக்குப் பங்கு கிடையாது.

இதைத்தான் எல்லோரும் "சரிதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆனாலும் ஆறவில்லை. ஏனென்றால், சரியா தப்பா என்ற கேள்விக்குத்தான் அவர்கள் பதில் சொல்கிறார்கள். உங்கள் காதில் இருப்பதோ ஒரு மனிதர் உங்களை "டீச்சர்" என்று கூப்பிட்ட குரல். தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்தால் அந்தக் குரல் நின்றுவிடுமா? சாகப்போகிற ஒருவர் கடைசியாக உதவி கேட்டது உங்களிடம். அவர் உங்களுக்குச் சொந்தம் இல்லை, பங்காளி இல்லை. அதனால் உங்களுக்குத் துக்கம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உங்களுக்கே தோன்றவில்லை என்று நினைக்கிறேன். நான்கு பக்கத்தில் பயம் இருக்கிறது, குற்ற உணர்ச்சி இருக்கிறது, தூக்கமில்லாதது இருக்கிறது. அழுததாக ஓரிடத்திலும் இல்லை. அவருக்காக அழலாம் டீச்சர். அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

துக்கம் கேட்கப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் வீடு இருக்கிற தெருவின் பெயர் கடிதத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. போங்கள். நம் ஊரில் ஒரு வீட்டில் சாவு என்றால் அந்த வீட்டுப் பிள்ளையின் டீச்சர் போவது வழக்கம்தான். தனியாகப் போகாமல், சக ஆசிரியர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். கேட்டைப் பற்றி நீங்களாக எடுத்து விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். அது அவர்களிடம் மன்னிப்பை வாங்கப் போன மாதிரி ஆகிவிடும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அந்த அக்காவின் கையைப் பிடித்துவிட்டு வாருங்கள். ஒன்று மட்டும்: போலீஸில் வாக்குமூலம் கொடுத்த பிறகு போங்கள். முன்னால் போனால், அங்கே என்ன பேசினீர்கள் என்று ஊர் ஒரு கதை கட்டும்.

இப்போது உடம்பு. தட்டு விழுந்தால் நெஞ்சு அடித்துக்கொள்வதும் தூக்கம் கெடுவதும் உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கப்போகிறது என்பதற்கு அறிகுறி இல்லை. இரும்புச் சத்தத்தோடு சேர்ந்துதான் அன்றைய பயம் உள்ளே பதிந்திருக்கிறது. திருடனை ஒரு தடவை பார்த்த நாய் பால்காரரைப் பார்த்தும் குரைக்கிற மாதிரி, இப்போது எந்த இரும்புச் சத்தத்துக்கும் உடம்பு எழுந்து நிற்கிறது. இப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு முதல் சில வாரங்கள் இது இருக்கும், மெல்லக் குறையும். ஒரு மாதத்துக்கு மேலும் அப்படியே நின்றால், கனவிலும் விழிப்பிலும் அதே காட்சி வந்துகொண்டே இருந்தால், அந்த இடத்தையே தவிர்க்க ஆரம்பித்தால், அதற்கு மருத்துவத்தில் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு. உங்களுக்கு மாதம் ஆகப்போகிறது. காத்திருக்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வெளியூர் அரசு மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாள்களில் போவது வழக்கம்; உங்கள் பக்கம் எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் 14416. அது டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022இல் தொடங்கியது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

அந்தத் தூக்க மாத்திரையை வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்பதே தப்பு. அது போகட்டும். இப்படி ஓர் அதிர்ச்சிக்குப் பிறகு முதல் மாதத்தில் அந்த வகை மயக்க மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2013இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பழகிவிட்டால் விடுவதும் கஷ்டம். மருத்துவர் பார்த்து வேறு மருந்து எழுதினால் அது வேறு விஷயம், தயங்காமல் சாப்பிடுங்கள்.

சத்தம் கேட்டு உடம்பு தூக்கிப்போடும்போது ஒன்று செய்து பாருங்கள். இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றி, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, வாய்க்குள்ளேயே சொல்லுங்கள்: "இன்னைக்கு வியாழக்கிழமை. மூணாவது பீரியடு. ஏழாம் வகுப்பு. பின்னம் நடத்திக்கிட்டு இருக்கேன்." அன்றைய சாயங்காலத்துக்குப் போய்விட்ட மனதைக் கையைப் பிடித்து வகுப்புக்குக் கூட்டிவருகிற வழி இது. டீச்சர்களுக்கு நன்றாக வரும், நம் பிழைப்பே டைம் டேபிள்தானே.

அந்த கேட் வழியே போகாமல் பின்பக்கம் சத்துணவுக் கூடத்து வழியாக வருவதாக எழுதியிருக்கிறீர்கள். செல்லூர்ப் பக்கம் நான் வேலை பார்த்தபோது ஒரு தமிழாசிரியர் இருந்தார். பள்ளிக்கு எதிரே, அவர் கண்ணெதிரே, அவருடைய மாணவன் ஒருவன் லாரியில் அடிபட்டுப் போனான். அதிலிருந்து அந்த ரோட்டை விட்டுவிட்டுப் பந்தல்குடி வாய்க்கால் கரையைச் சுற்றி வருவார். முதலில் அந்த ரோடு மட்டும். அப்புறம் லாரி போகிற எந்த ரோடும் ஆகவில்லை. கடைசியில் மாட்டுத்தாவணிக்குப் போய் பஸ் ஏறுவதே அவருக்குப் பெரும்பாடு ஆகிவிட்டது. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். நீங்கள் இந்த வாரமே அந்த கேட்டைத் திறந்து மூட வேண்டும் என்று சொல்லவில்லை. பள்ளி முடிந்து எல்லோரும் போன பிறகு, கூட ஒரு டீச்சரை வைத்துக்கொண்டு, மைதானத்திலிருந்து பார்த்தால் போதும். நெஞ்சு அடிப்பது தணிகிற வரை நில்லுங்கள்; அடிக்கும்போதே ஓடிவந்தால் பயம்தான் ஜெயிக்கும். அடுத்த தடவை இன்னும் கிட்டத்தில். பிறகு கையை வைத்து. கேட் டியூட்டியை இந்தப் பருவத்துக்கு வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லி எச்.எம்.மிடம் கேளுங்கள், ஆனால் நிரந்தரமாக வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இனிமேல் அந்த டியூட்டிக்கு ஒருவரை மட்டும் நிறுத்துவதும் கூடாது. இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகவே போடச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் உங்கள் எச்.எம். சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பேசாமல் இருந்தால் மறந்துவிடுவார்கள் என்பது பெரியவர்கள் தங்கள் வசதிக்குச் சொல்லிக்கொள்வது. 1976இல் அமெரிக்காவில், சௌசில்லா என்ற சின்ன ஊரில், 26 பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தோடு கடத்திக்கொண்டுபோய், கல்குவாரியில் புதைத்து வைத்திருந்த ஒரு வண்டிக்குள் அடைத்துவைத்தார்கள். எல்லோரும் உயிரோடு தப்பிவிட்டார்கள். லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் அந்தப் பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார். பார்த்தால், பிள்ளைகள் சிரிப்பே இல்லாமல் திரும்பத் திரும்பக் கடத்தல் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். உங்கள் பையன்களின் அடிஸ்கேல் விளையாட்டும் அந்த ரகம்தான். கொழுப்பு என்று அடிக்காதீர்கள். ஸ்கேல் கண்ணில் பட்டுவிடக் கூடாது, அதை மட்டும் நிறுத்துங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த விளையாட்டில் அடுத்து யார் வருவார்? ஆம்புலன்ஸ் எப்போது வரும்? யார் 108க்குப் போன் பண்ணுவார்?" என்று கேளுங்கள். வெட்டோடு முடிகிற கதையை அவர்களே நீட்டிக்கொண்டு போவார்கள்.

வகுப்பில் ஒரு தடவை, சுருக்கமாக, நடந்ததைச் சொல்லிவிடுங்கள். "நம்ம ஸ்கூல் வாசல்ல ஒருத்தரக் கொன்னுட்டாங்க. நீங்க பார்த்தீங்க, நானும் பார்த்தேன். எனக்கும் பயமா இருந்துச்சு. போலீஸ் விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க. யாருக்காவது ராத்திரி தூக்கம் வரலன்னா, வயிறு வலிச்சா, எங்கிட்ட வந்து சொல்லுங்க." இவ்வளவு போதும். ரத்தம், வெட்டு, எத்தனை இடத்தில் என்பதெல்லாம் வேண்டாம். அதற்காக எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நாளில் ஹாலில் உட்காரவைத்து, ஒவ்வொருவராகப் பார்த்ததைச் சொல்லவைக்கிற முகாம் ஏதாவது வந்தால் அதற்கும் சம்மதிக்காதீர்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பதால் பலன் இல்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். சிலருக்கு அது கெடுதலும் செய்யும். பேச விரும்புகிறவன் பேசட்டும், மற்றவன் படம் வரையட்டும், பந்து விளையாடட்டும். காலை உணவு, பிரேயர், பீட்டி பீரியடு எல்லாம் வழக்கமான நேரத்தில் நடக்கட்டும். படுக்கையில் ஒண்ணுக்குப் போகாத பையன் போக ஆரம்பித்தாலோ, படிக்கிற பெண் பேச்சையே நிறுத்திவிட்டாலோ, குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

அந்த ஆறாம் வகுப்புப் பையன். உங்களுக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனுக்கோ, டீச்சர் நம்மைப் பார்ப்பதில்லை என்று மட்டும்தான் தெரியும். மாமா செத்ததில் தனக்கு ஏதோ அவமானம் என்று நினைத்துக்கொள்வான். முதலில் நோட்டுத் திருத்தும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். விட்டுப்போன பாடத்தை எழுத யாரையாவது பக்கத்தில் உட்காரவையுங்கள். தனியாகக் கிடைக்கும்போது, "மாமாவ நெனச்சா எனக்கும் கஷ்டமா இருக்குப்பா" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் போய், "நான்தான் கேட்டைச் சாத்தினேன், என்னை மன்னிச்சுரு" என்று பதினோரு வயசுப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அது உங்கள் சுமை, அவன் தலையில் இறக்கக் கூடாது. ஆனால் அவனாக, "ஏன் டீச்சர் தொறக்கல?" என்று கேட்டால் (ஒரு நாள் கேட்பான், தயாராக இருங்கள்) சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்: "உள்ள நீங்க எல்லாரும் இருந்தீங்க. அவங்க கையில அரிவா இருந்துச்சு. அதனால சாத்துனேன். உன் மாமாவக் காப்பாத்த முடியலங்கிற வருத்தம் எனக்கு இருக்கு." கேட்டுவிட்டு அவன் கோபப்பட்டால் கோபப்படட்டும். அவனுக்கு அந்த உரிமை உண்டு.

கடைசியாக போலீஸ். உங்கள் வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. மனைவி தினமும் ஸ்கூட்டியில் தனியாகப் போய்வருகிற ரோடு அது. ஆனால் கேட்டில் நீங்கள் நின்றதை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். "பார்க்கவில்லை" என்று இன்றைக்குச் சொன்னால், கோர்ட்டில் அதை வைத்தே உங்களைக் கேள்வி கேட்பார்கள். பார்த்ததைப் பார்த்தேன் என்றும், முகம் சரியாகத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றும் சொல்லுங்கள். நீங்கள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179ஆவது பிரிவுப்படி, சாட்சியாக விசாரிக்கப் பெண்களையும் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களையும் வீட்டை விட்டு வேறு இடத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. பழைய சட்டத்திலும் இது இருந்தது, நமக்குத்தான் தெரியாது. பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றிப் போகக் கேட்டால், இந்தப் பிரிவை எச்.எம். எடுத்துச் சொல்லட்டும். நீங்கள் சொல்வதை அவர்கள் எழுதிக்கொள்வார்கள். அந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கொலை வழக்கு என்பதால் பிறகு மாஜிஸ்ட்ரேட் முன்னாலும் சொல்லச் சொல்லலாம், அது வழக்கமான நடைமுறைதான், பதறாதீர்கள். யாராவது மிரட்டினால், 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனுப் போடலாம். நாலு நாளில் எல்லாம் நடந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மிரட்டலைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், போன் வந்தால் அழிக்காதீர்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். சம்மன் வருகிற அன்றைக்கு இந்தத் தூக்கமின்மை திரும்ப ஒரு சுற்று வரும், அதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் நடந்த ஒரு வெட்டுச் சம்பவத்தின் வீடியோவை, பாட்டுச் சேர்த்து, ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார்கள். வெட்டியவர் அவர்களுக்கு ஹீரோ. எங்கள் மாணவர்கள் இருவர் பின்னால் நிற்பது வீடியோவில் தெரிகிறது. டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறார்கள் சக ஆசிரியர்கள்.

பட்டதாரி ஆசிரியர், திருமங்கலம்

பதில்: டி.சி. கொடுத்தால் அந்த ஹீரோவின் ஆட்கள் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள், சார். பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தவனைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் வீடியோவை எடுக்கச் செய்யுங்கள். குற்றத்துக்குச் சாட்சியான பிள்ளையின் அடையாளம் தெரியும்படி வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆவது பிரிவில் வருகிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பையன்களின் அப்பா அம்மாவை வரச்சொல்லி இதை வாசித்துக் காட்டுங்கள். பெற்றோர் குரூப்பிலும் அதே வீடியோ சுற்றும், பந்தயம் கட்டுகிறேன்.

சாதி இதில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லாவிட்டால் ஹீரோ என்று எழுதியிருக்க மாட்டீர்கள். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன்படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற வண்ணக் கயிற்றைத் தடை செய்யச் சொன்னதை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். கயிற்றை அறுத்தால் ஸ்டேட்டஸில் வந்து நிற்கும், நீங்களே பார்க்கிறீர்கள். அந்தப் பையன்களை வெட்டுப்பட்டவரின் பக்கத்திலிருந்து ஒரு தடவை யோசிக்கவையுங்கள்: அந்த வீட்டில் இப்போது யார் வேலைக்குப் போகிறார், பிள்ளைக்கு ஃபீஸ் யார் கட்டுவார். மேடைப் பேச்சு மாதிரி வேண்டாம். மைதானத்தில் நடந்துகொண்டே, இருவர் மூவராக.

கேள்வி: என் மகள் ஐந்தாவது படிக்கிறாள். பள்ளி அருகே ஒரு கொலையைப் பார்த்ததிலிருந்து தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறாள். என் மாமியார் கோரிப்பாளையம் தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்து வந்தார். கணவர் அது மூடநம்பிக்கை என்று சத்தம் போடுகிறார். கவுன்சலிங் போனால் போதுமா?

தாய், வில்லாபுரம்

பதில்: மந்திரித்ததில் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் வராது. பயந்த பிள்ளையைப் பாட்டி கையைப் பிடித்துக் கூட்டிப்போனதே பாதி வைத்தியம். உங்கள் கணவர் போடுகிற சத்தம்தான் அவளுக்கு ஆகாது, அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். கயிறு கட்டியிருந்தால் இருக்கட்டும். கயிறு கட்டியாகிவிட்டது, இனிப் பயப்படக் கூடாது என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். பயம் வந்தால் தன் மேல்தான் தப்பு என்று நினைப்பாள்.

கொஞ்ச நாள் உங்களோடு படுக்கட்டும். பிறகு அதே அறையில் தனிப் பாயில். விளக்கு எரியட்டும். மூன்று நான்கு வாரத்தில் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. வரும் வாரம் பள்ளிக்கு நீங்களே கொண்டுபோய் விடுங்கள். டிவியில் அந்தச் செய்தி வந்தால் சேனலை மாற்றுங்கள்.